'ஓமுங்க' என்றொரு புது பாஷை

போன கிழமை ஒரு காலைநேரம். குசினியில் சம்பலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு?" என்றேன்.

"நான்தான். கதவைத் திறவுங்கோ" என்றது ஒரு பெண் குரல்.

பக்கத்து வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். பருத்தித்துறைக்காரர். அவரைத் தேடி வந்த யாரோ யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வீடு மாறித் தட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். நின்றது யார்? என் தங்கச்சி மகள் சுபா! நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பசறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன அதே சுபா.

"சாப்பிட்டியாடி?"

"ஓம் பெரியம்மா. சாப்பிட்டுட்டுத்தான் வந்தனான்."

வந்தனானா? யார் வந்தது? எங்கிருந்து வந்தது?

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது கோபித்துக்கொண்டு பத்திரிகைக்குக் கடிதம் போடுவார்கள். யாழ்ப்பாணத் தமிழ் மீது எனக்கு ஒரு கோபமும் கிடையாது. பக்கத்து வீட்டு டீச்சர் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று இழுத்துச் சொன்னால் அப்படியே கேட்டுக்கொண்டிருக்கலாம். அது அவருக்குத் தாய் கொடுத்த பேச்சு. ஆனால் சுபாவின் தாய், என் தங்கச்சி ராணி, கலியாணமான நாளிலிருந்து மலையில் கொழுந்து எடுக்கிறவள். அவள் வாயிலிருந்து ஒருநாளும் "ஓம்" வந்ததில்லை... கோயிலுக்குப் போனால் தவிர.

சுபா யாழ்ப்பாணப் பிள்ளைகளோடு கெம்பஸ் படித்து வந்தவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வாசலில் வாழை மரம் கட்டாத குறையாகத்தான் அனுப்பி வைத்தோம். முதல் லீவில் வந்தபோது "ஓம்" மட்டும்தான் கூட வந்தது. சரி, சின்னப் பிள்ளை, ஆசைக்குச் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த லீவில் "விளங்கேல்லை" வந்தது. அதற்கடுத்த லீவில் பிறகு என்பதற்குப் "பேந்து" வந்தது. படிப்பு முடிந்து பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது, அவள் சொந்தத் தமிழ் ஒன்றுமே கூட வரவில்லை!

முழுசாக மாறியிருந்தால்கூட ஒரு வழியாகச் சகித்துக்கொள்ளலாம். அதுவும் இல்லை. கொஞ்சம் பதறினால் போதும், நம்முடைய "ங்க" பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. அன்றைக்கும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, "என்னாம்மா, பஸ்ல சனமா?" என்று கேட்டார். 

"ஓமுங்க பெரியப்பா."

ஓமுங்க! மனுசனுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. நாட்டில் இனப் பிரச்சினை தீராவிட்டாலும் தமிழர்களுக்குள் ஒற்றுமை வந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அன்றைக்குச் சுபாவுக்கு இன்டர்வியூ.

வேலை, பதுளை டவுனில் ஒரு தனியார் கண் கிளினிக்கில். போன் எடுக்க வேண்டும், வருகிறவர்களைப் பதிந்து உட்கார வைக்க வேண்டும், ஒப்பரேஷன் முடிந்தவர்களுக்கு மருந்து விடுகிற முறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பட்டதாரிக்குப் பெரிய வேலை இல்லைதான். ஆனால் பட்டத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு காலம் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பது? முதல்நாளே ராணி போன் பண்ணியிருந்தாள்.

"அக்கா, நீங்களும் கூட போங்கக்கா. இது ஒண்ணாவது கெடைக்கணும். படிச்சு என்னத்த கிழிச்சுச்சுன்னு எம் மொகத்துக்கு நேராவே கேக்குறாங்க. புள்ள வெளியில எறங்கவே மாட்டேங்குது. ரூமுக்குள்ளயே கெடக்குது."

அந்தக் கடைசி வார்த்தையில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி விசயங்களில் ரொம்ப அக்கறை. காலையில் எழும்பினால் அவர் போனில் பொன்மொழிகள் வந்து கொட்டும். உன் எண்ணமே உன் ஆளுமை... கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்... நேராக நில், நேராக நினை... எல்லாவற்றுக்கும் ஒரு சூரிய உதயப் படம். அதையெல்லாம் சுபாவுக்கும் அனுப்பி வைத்திருக்கிறார். பிள்ளை பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி எடுத்தது. வெளியே எனக்குக் கேட்டது என்ன தெரியுமா? "ஓம் சேர்... ஓம் சேர்... நிச்சயமா சேர்..."

என்னால் முடியவில்லை. எனக்குத்தான் முடியவில்லை.

நடந்து போகிறபோது மெதுவாகக் கேட்டேன். "ஏண்டி, ஊரு எதுன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

"பதுளை டவுன்."

"எப்ப குடி வந்த?"

"உங்கட அட்ரஸ்தானே பெரியம்மா போட்டிருக்கு. தோட்டத்து அட்ரஸ் போட்டா கடிதம் பிந்தித்தான் வரும்."

பதில் தயாராக இருக்கிறது, பார்த்தீர்களா? கடிதம் பிந்துமாம். வாய்க்குள்ளே வந்த வசவை விழுங்கிக்கொண்டு நடந்தேன். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளையைத் திட்டக் கூடாது.

கிளினிக் சின்னது. உட்கார ஒரு வாங்கு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் பாதி உயரத்துக்குப் பலகை மறைப்பு. மறைப்புக்கு அந்தப் பக்கம் மெனேஜர். வாங்கில் இருந்தால் அங்கே பேசுவது எல்லாம் இங்கே கேட்கும். மேசையில் இருந்த பிள்ளையின் பெயர் நில்மினி. சிங்களப் பிள்ளை. கலியாணம் முடித்துக் காலி நகரத்துப் பக்கம் போகப் போகிறாள். அவளுடைய இடத்துக்குத்தான் ஆள் தேடுகிறார்கள்.

மெனேஜர் பண்டாரவளை முஸ்லிம் மனுசர். நல்ல மாதிரி.

"உக்காருங்க மகள். உங்கட ஊர் எது?"

"பதுளை டவுன், சேர்."

"பொறந்ததும் டவுன்லயா?"

"ஓம் சேர்."

"தோட்டத்துப் பக்கம் சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க யாரும்..."

"இல்லை சேர். அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவா பழக்கமில்லை."

அடிப்பாவி!

நான் வாங்கிலிருந்து பாதி எழும்பிவிட்டேன். அந்த நேரம் ராணி எங்கே நின்றிருப்பாள்? மலையில். மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பாள். இவள் அப்பன்? ஃபெக்டரியில். ஒரே வாயில் இரண்டு பேரையும் இல்லாமல் பண்ணிவிட்டாளே! உள்ளே புகுந்து காதைத் திருகலாமா என்று இருந்தது. இன்டர்வியூவில் பெரியம்மா புகுந்து காதைத் திருகினால் எந்தக் கிளினிக் வேலை கொடுக்கும்? உட்கார்ந்துவிட்டேன்.

மெனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொள்வது பலகைக்கு மேலாகத் தெரிந்தது. "எங்களுக்கு வாரதுல முக்காவாசிப் பேர் தோட்டத்து ஆக்கள் மகள். வயசானவங்க. அவங்களோட பேசணும்..." என்று இழுத்தார்.

"நான் எல்லாரோடயும் நல்லாக் கதைப்பன் சேர்."

அந்தச் சொல் வாயிலிருக்கும்போதே மேசையில் போன் அடித்தது. மெனேஜர் எழும்பி வந்தார். "சரி, நீங்களே எடுத்துப் பேசுங்க, பாப்பம்" என்று சொல்லி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"அலோ... கண்ணு ஆஸ்பத்திரிங்களா?" வயதான ஆண் குரல். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பேசுகிறாராம். பின்னால் காற்று வீசுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

"ஓம். சொல்லுங்கோ ஐயா."

"ஆத்தா, போன கெழம எனக்கு கண்ணு ஆப்ரேசன் பண்ணுனாங்கல்ல, அந்த கண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு. நேத்து சாயங்காலத்துல இருந்து தண்ணியா வடியுது. அதான் கேக்கலாம்னு..."

பாதி காற்றோடு போய்விட்டது. சுபா பதறிவிட்டாள்.

"ஐயா, நீங்கள் கதைக்கிறது விளங்கேல்லை. கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ."

வடக்கில் 'ஆறுதலா' என்றால் மெதுவாக, அவசரப்படாமல். எங்கள் தோட்டங்களில் ஆறுதல் எங்கே சொல்வோம்? இழவு வீட்டில்.

"ஆறுதலா?" என்றார் பெரியவர். "யாருக்கு ஆத்தா ஆறுதல் சொல்றது? என்னா ஆச்சு?"

"இல்லை ஐயா... ஆறுதலா எண்டா... பதட்டப்படாம..."

"பதட்டப்படாமயா? அப்ப... எங் கண்ணு போயிருச்சுங்களா?"

"ஓமுங்க —" என்றாள் சுபா.

அவள் சொல்ல வந்தது, 'ஓமுங்க, நீங்க சொல்றது கேட்குது' என்பது. எனக்குத் தெரியும். மெனேஜருக்கும் தெரிந்திருக்கும். மலை உச்சியில் காற்றுக்குள் நின்றுகொண்டு ஒரு கண்ணைப் பொத்தியபடி கேட்கிற மனுசனுக்கு எப்படித் தெரியும்? "ஐயோ, கண்ணு போயிருச்சாம்டி!" என்று பக்கத்திலிருந்த யாரிடமோ அவர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. ஒரு பெண் சத்தம் போட்டு அழத் தொடங்கினாள்.

"ஐயா! இல்லை ஐயா! அப்பிடி இல்லை! நான் என்ன சொன்னனான் எண்டா..." பதற்றத்தில் சுபாவின் தமிழ் இன்னும் வடக்கே வடக்கே போகிறது!

பெரியவர் மிகவும் மரியாதையாக, கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

"அம்மா... தப்பா நெனைக்காதீங்க. அங்க நம்மாளு யாராச்சும் இருந்தா, போனை குடுங்கம்மா."

சுபா அப்படியே நின்றாள். நில்மினிதான் எட்டி அவள் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தாத்தா! நான் நில்மினி. கண்ணு எங்கயும் போகல, அங்கயேதான் இருக்கு. ஆச்சிய அழ வேணாம்னு சொல்லுங்க. நீங்க கண்ண கசக்குனீங்களா இல்லயா?"

"லேசா... ஒருவாட்டி கசக்குனேன் ஆத்தா."

"அதான! கைய கட்டித்தான் போடணும் ஒங்களுக்கு. இனி தொடாதீங்க. மருந்து போத்தலையும் எடுத்துக்கிட்டு இப்பவே பஸ் ஏறி வாங்க. டொக்டர் இருக்காரு, பாப்பாரு."

"நம்ம நில்மினிப் புள்ளயா! இப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றார் பெரியவர்.

நம்ம நில்மினிப் புள்ள! கேட்டுக்கொண்டீர்களா? சிங்களப் பிள்ளை அவருக்கு நம்மாளு. லயத்தில் பிறந்த சுபா யாரோ வெளியாள்.

நில்மினியிடம் பிறகு கேட்டேன், எங்கே பழகினாய் என்று. அவள் அப்பா பசறை ரோட்டில் ஒரு தோட்டத்துச் சந்தியில் கடை வைத்திருந்தாராம். சின்ன வயதில் லயத்துப் பிள்ளைகளோடுதான் விளையாட்டு. "ஸ்கூல்ல எல்லாம் எனக்கு நல்ல பேரு அன்ட்டி. இந்தப் புள்ள என்னமா தமிழ் பேசுதுன்னு சொல்லுவாங்க" என்றாள் பெருமையாக.

எனக்கு வந்த எரிச்சலை என்ன சொல்ல? நில்மினி மீது இல்லை. அந்தப் பிள்ளைக்குக் கோடி புண்ணியம். ஆனால் யோசித்துப் பாருங்கள்... ஒரே தமிழ்தான். அதே "ஆமாங்க", அதே "இருக்குங்க", அதே "புள்ள". நில்மினி வாயில் வந்தால் திறமை. கை தட்டுகிறோம். சுபா வாயில் வந்தால் தோட்டம். சிரிக்கிறோம். கைதட்டல் வாங்கியவள் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். சிரிப்பு வாங்கியவள் அதை ஒளித்து வைத்துவிட்டாள். இதில் கண்ணாடி முன்னால் நின்று எதைச் சொல்வது? சூரிய உதயப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சுபா ஒருத்தி மட்டும் என்றால் நான் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் போன மாதம் ஒரு குடை வாங்கப் போனார். கடைப் பையன் சிங்களத்தில் "என்ன வேண்டும்" என்றான். இவரும் தன்னுடைய ஓட்டைச் சிங்களத்தில் குடை கேட்டார். அவனும் அதைவிட ஓட்டைச் சிங்களத்தில் விலை சொன்னான். இவர் பேரம் பேச, அவன் மறுக்க, இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் பையனுக்கு ஒரு போன் வந்தது. "அம்மா, சோறு ஆக்கிட்டீங்களா? வந்துர்றேன்" என்கிறான்! இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். சரி, அப்போதாவது தமிழில் பேசினார்களா? இல்லையே! மிச்சக் காசையும் சிங்களத்திலேயே கொடுத்து, சிங்களத்திலேயே நன்றி சொல்லி அனுப்பிவிட்டானாம். கொழும்பில் கடை கண்ணிகளில் நிற்கிற எங்கள் பொடியன்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருத்தனாவது தோட்டத்தின் பெயரைச் சொல்கிறானா? எல்லாம் பதுளை, பண்டாரவளை, நுவரெலியா. மலைநாட்டில் தோட்டமே இல்லை போலிருக்கிறது. தேயிலை தானாக முளைத்துத் தானாகப் பெட்டிக்குள் போய்விடுகிறது.

கதைக்கு வருகிறேன். மெனேஜர் எங்களிடம் கோபப்படவில்லை. "சரி மகள், நாங்க அறிவிக்கிறம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று வேலை தேடிய எல்லாருக்கும் தெரியும்.

ரோட்டில் இறங்கியதும் என் பொறுமை போய்விட்டது. "பழக்கமில்லயாம்ல, பழக்கம்! ஒங்கம்மா காதுல விழுந்தா என்னாடி ஆகும்? அப்பனையும் ஆத்தாளையும் கழுவி ஊத்திட்டு வர்றதுக்கா நாலு வருசம் படிச்ச?" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தால் நான் நிறுத்துகிற ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். சுபா தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். பஸ் ஸ்டாண்ட் முன்னால் சட்டென்று நின்றாள்.

"போதும் பெரியம்மா! ஏன் என் உசுர வாங்குறீங்க? ஒங்களுக்கு என்னா தெரியும்?"

பழக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நானும்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சத்தத்துக்காக இல்லை. எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தப் பேச்சைக் கேட்கிறேன்! சுத்தமான நமுனுகுலத் தமிழ்!

"ஹொஸ்டல்ல மொத நாளு ஒருத்தி என்னமோ கேட்டா. ஆமாங்கன்னேன். சிரிச்சா. எந்த இடம்னு கேட்டா, சொன்னேன். 'ஆ... தோட்டமா'ன்னா. அவ்வளவுதான் பெரியம்மா. அடிக்கல. வையல. ரொம்ப நல்ல புள்ளைங்க. அதுக்கப்பறம் எனக்கு நோட்ஸ் குடுப்பாங்க, வீட்ல இருந்து கொண்டாந்த பலகாரம் குடுப்பாங்க. எத குடுத்தாலும் பாவம், தோட்டத்துப் புள்ளன்னு குடுக்குற மாதிரியே இருக்கும். தொண்டைல எறங்காது. அந்தப் பாவத்த கழட்டணும்னுதான் பேச்ச மாத்துனேன். மாத்துன ஒடனே யாரும் பாவம் பாக்கல. நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் அதுவே வாயில உக்காந்துக்கிச்சு. நானே நெனைச்சாலும் போக மாட்டேங்குது. லயத்துல புள்ளைங்க நான் பேசுனா கிண்டல் பண்ணுதுங்க. அம்மா நான் பேசுறப்ப வேற பக்கம் பாக்குறாங்க. அதான் ரூமுக்குள்ளயே கெடக்குறேன்."

மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"அந்த தாத்தா கேட்டாரு பாத்தீங்களா... நம்மாளு யாராச்சும் இருந்தா குடுங்கன்னு. அப்ப நான் யாரு பெரியம்மா?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு நேரம் திட்டினேனே என்று வருத்தமாகவும் இருந்தது, இன்னும் யாரையாவது பிடித்துத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது.

"வா, ஒரு தேத்தண்ணி குடிப்போம்" என்றேன்.

"இல்ல பெரியம்மா. அவருக்கு கண்ணு போயிருச்சுன்னு நான்தான சொன்னேன். நான்தான இல்லன்னு சொல்லணும்."

சொல்லிவிட்டுத் திரும்பி விறுவிறு என்று ஏற்றத்தில் ஏறத் தொடங்கிவிட்டாள். பின்னால் ஓடுகிறேன், ஓடுகிறேன்... என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் ஆகாது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மெனேஜர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"...பொய் சொல்லிட்டேன் சேர். நான் டவுன் இல்ல. நமுனுகுல பக்கம் தோட்டம். லயத்துலதான் பொறந்தேன். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. வேல குடுக்காட்டி பரவாயில்ல சேர். அந்த தாத்தாகிட்ட ஒருக்கா பேசிட்டுப் போயிர்றேன்."

மெனேஜர் என்ன செய்தார் தெரியுமா? தலையில் கை வைத்துக்கொண்டார். பதற்றத்தில் அவருடைய வீட்டுத் தமிழும் வெளியே வந்துவிட்டது, 'இருக்கு' எல்லாம் 'ஈக்கு'!

"யா அல்லாஹ்! இத முந்தியே செல்லியிருக்கலாமே மகள்! தோட்டத்துப் புள்ள ஒண்டு வேணும் எண்டுதான் நானும் தேடிக்கிட்டு ஈக்கிறேன். வந்தவங்க எல்லாரும் டவுன், டவுன், டவுன்! ஒருத்தருக்கும் தோட்டமே தெரியாதாம். இத்தின பேர் டவுன்ல ஈந்தா டவுன் தாங்குமா? நடக்கவாவது எடம் ஈக்குமா?"

எனக்கு அந்த மனுசனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. எரிச்சல் படுவதற்கு ஊரில் எனக்கு ஒரு துணை இருக்கிறதே!

நில்மினி சிரித்துக்கொண்டே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டுக் கொடுத்தாள். பெரியவர் உடனே எடுத்தார்.

"ஆத்தா நில்மினி, கெளம்பிட்டேன். பஸ்ஸுக்குத்தான் நிக்கிறேன்."

"நில்மினி இல்ல தாத்தா. நான்... கொஞ்சம் முந்தி பேசுன புள்ள."

காற்றுச் சத்தம். பிறகு, "அந்த யாழ்ப்பாணத்துப் புள்ளயா?" என்றார், கொஞ்சம் தயங்கி.

"யாழ்ப்பாணம் இல்ல தாத்தா. நமுனுகுல. எங்கம்மாவும் கொழுந்துதான் எடுக்கிறாங்க. ஒங்க கண்ணு போகல. நான்தான் ஒளறிட்டேன். என்னைய மன்னிச்சிருங்க தாத்தா."

"அடியாத்தே! நம்ம புள்ளயா நீ!" பெரியவர் சத்தமாகச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆச்சியிடமும் சொல்லிச் சிரித்தார். நில்மினி சிரித்தாள், மெனேஜர் சிரித்தார், எனக்கும் மூச்சிரைப்போடு சிரிப்பு வந்துவிட்டது. சுபா மட்டும் போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்து முடித்த பிறகு பெரியவர் கேட்டார்.

"அப்பறம் ஏன் ஆத்தா அப்புடி பேசுன? யாருக்கு பயந்துக்கிட்டு?"

சுபா வாயைத் திறந்தாள். மெனேஜரைப் பார்த்தாள், நில்மினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பக்கம் பஸ் வந்துவிட்டது. "சரி சரி, நேர்ல வந்து பேசிக்கிறேன்" என்று பெரியவர் வைத்துவிட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. நில்மினி போவதற்குள் பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ராணி போனில் அழுத அழுகையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆனால் பெரியவரின் கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது. யாருக்குப் பயந்துகொண்டு? ஹொஸ்டலில் சிரித்த பெண்ணுக்கா? அவள் சிரித்ததையே மறந்து, எங்கேயாவது பிள்ளை குட்டியோடு சந்தோஷமாக இருப்பாள். மெனேஜருக்கா? அவர் தோட்டத்துப் பிள்ளையைத்தான் தேடிக்கொண்டிருந்தார். குடைக் கடைப் பையன் யாருக்குப் பயந்தான்? என் வீட்டுக்காரருக்கா? அவர் எனக்கே பயந்த மனுசர்! எல்லாரும் யாரோ ஒரு ஆளுக்குப் பயந்து பேச்சை மாற்றுகிறார்கள், ஊரை மாற்றுகிறார்கள், பெற்றவர்களை மறைக்கிறார்கள். அந்த ஆளை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை.

உங்களில் யாருக்காவது ஆளைத் தெரிந்தால் தயவுசெய்து அடையாளம் காட்டுங்கள்... முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.